அவர் பெயருக்கு வந்த பார்சல்

எங்கள் வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் அது என் கணவர் பெயருக்குத்தான் வரும். நான் காலை ஆறரைக்கே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவேன். அவருக்கு உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்ட். மதியம்வரை வீட்டில் இருப்பவர் அவர்தான் என்பதால், யாராவது கதவைத் தட்டினால் திறந்து வாங்கிவைக்க வசதியாக இருக்கட்டும் என்று கல்யாணமான புதிதிலேயே செய்துகொண்ட ஏற்பாடு அது. அவர் போன், அவர் கணக்கு, அவர் பெயர். அழுத்துகிற விரல் மட்டும் என்னுடையது. அரிசி களையும் வடிகூடையிலிருந்து என் செருப்புவரை அவர் பெயரில் வாங்கியிருக்கிறேன். பார்சல் கொண்டுவருகிறவர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது.

நான் இங்கேயே பிறந்தவள். தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. அவர் தூத்துக்குடிக்காரர். என்னைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். நீண்டகால வருகை அட்டையில் இருந்தார், இன்னும் அதில்தான் இருக்கிறார். அந்த அட்டையை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நிரந்தரவாசத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் இல்லையென்று வந்துவிட்டது. நான் சொல்லப்போகிற சமயத்தில் மூன்றாவது விண்ணப்பம் உள்ளே இருந்தது.

அட்டையில் இருப்பவருக்கு இந்த ஊர் வேறு மாதிரித் தெரியும் போலிருக்கிறது. காலியான சாலையிலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்பார். எதுவும் குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கும் ரயிலில் தொண்டை வறண்டால்கூடத் தண்ணீர் பாட்டிலைத் திறக்க மாட்டார். பக்கத்து வீட்டுச் செருப்பு எங்கள் பக்கம் நகர்ந்து கிடந்தால், யாராவது புகார் செய்துவிடுவார்களோ என்று அதைக் காலால் அல்ல, கையால் எடுத்து வைப்பார். நான் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. “மூச்சு விடுறதுக்கும் பெர்மிட் வேணுமான்னு கேட்டுட்டு வாங்க லா” என்பேன். அவர் சிரித்துக்கொள்வார். எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்று நான் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோவில் தமிழ்க் குழு ஒவ்வொரு வருஷமும் பாஸ்கு நாடகம் போடும். ஆண்டவர் பாடுபட்டு, மரித்து, மூன்றாம் நாள் உயிர்க்கிற கதை. மேடைச் சாமான்கள் என் பொறுப்பு. அவர் ஊர்ப் பக்கம் உயிர்ப்புக் காட்சி என்றால் கல்லறை திறக்கும்போது வாணமும் வெடியும் புகையுமாக ஊரே கிடுகிடுக்குமாம். அந்தப் புகைக்குள்ளிருந்து ஆண்டவர் சுரூபம் மேலே எழும்புமாம். இங்கே பட்டாசுக்கே வழியில்லை. நாங்கள் தேக்கா மார்க்கெட்டில் மீன் கடைக்காரரிடம் டிரை ஐஸ் கேட்டு வாங்கி, சுடுதண்ணீர் வாளியில் போட்டுப் புகை காட்டுவோம். போன வருஷம் பிலாத்துவாக நடித்தவர் வசனத்தை மறந்து, ஆரம்பத்திலிருந்து இரண்டு தடவை சொன்னதில் நேரம் இழுத்துப்போய் ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. கல்லறை திறந்தது. உள்ளே ஆண்டவரும் ஒரு வாளியும் இருந்தார்கள். பாடற்குழு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஆண்டவர் எழுந்துவிட்டார், உன் புகைதான் இன்னும் தூங்குகிறது என்று ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது.

அந்தக் கோபத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனைக் கையில் வைத்துத் தேடினேன். ஒரு வெளிநாட்டுக் கடையின் பக்கம் கிடைத்தது. கையில் பிடித்து அழுத்தினால் வண்ணப் புகையும் சுடரும் மேலே பாய்கிற ஒரு கருவி. பொழுதுபோக்குக்கு, கொண்டாட்டத்துக்கு என்று போட்டிருந்தது. முழுக்கச் சட்டபூர்வமானது, உரிமம் தேவையில்லை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. எந்த நாட்டுச் சட்டம் என்று நான் யோசிக்கவே இல்லை. கருத்தறிதல் தாளில் பிள்ளைகள் பாதிப் பத்தியைப் படித்துவிட்டுப் பதில் எழுதினால் சிவப்புப் பேனாவால் சுழிக்கிறவள் நான். கொட்டை எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்ததைப் பார்த்தேன். படிக்கவில்லை. அழுத்திவிட்டேன்.

தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, பள்ளி இடைவேளையில் அவர் போன் செய்தார். என் வேலை நேரத்தில் போன் செய்கிற ஆள் இல்லை.

“நீ என்ன வாங்கியிருக்க? கைப்பிடியெல்லாம் இருக்கு. துப்பாக்கி மாதிரி இருக்கு.”

நான் சிரித்தேன். அது கல்லறைக்கு என்று சொன்னேன். அப்படிச் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பிறகுதான் தோன்றியது. மேசையில் வையுங்கள், வந்து பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயெடுத்து, என்னவோ சொல்லாமல் விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். மேசையில் பார்சல் இல்லை. ஒரு காகிதம் இருந்தது. பாம் ஷெல்டருக்குள் வைத்திருக்கிறேன், அடுப்பைப் பற்றவைக்காதே என்று எழுதியிருந்தார். குண்டு விழுந்தால் ஓடி ஒளிய வீட்டுக்கு வீடு கட்டிக்கொடுத்திருக்கும் இரும்புக்கதவு அறை அது. எல்லார் வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் அரிசி மூட்டை, இஸ்திரிப் பலகை, கிறிஸ்துமஸ் குடில் சாமான் எல்லாம் அதில்தான். குடில் பெட்டிக்குப் பின்னால், ஒரு ஈரத்துணியைப் போர்த்தி அதை வைத்திருந்தார்.

எடுத்துப் பார்த்தேன். என் முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கைப்பிடி, விசை, முன்னால் வாய். கூடவே ஒரு டப்பாவில் கட்டைவிரல் பருமனில் வரிசையாக வெடிமருந்துக் குப்பிகள். பெட்டியின் வெளியே விளையாட்டுப் பொருள் என்று அச்சடித்திருந்தார்கள். அப்படி அச்சடித்ததால்தான் வழியில் யார் கண்ணிலும் படாமல் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே அவர் முழுப்பெயர், வீட்டு எண், தொலைபேசி எண்.

மடிக்கணினியைத் திறந்து இந்த ஊர்ச் சட்டத்தைத் தேடினேன். ஒரு தடவை படித்தேன். இந்த முறை பொடி எழுத்தையும் விடவில்லை. உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்வது குற்றம். வெடிக்க வேண்டியதில்லை, சும்மா வைத்திருப்பதே குற்றம். அபராதம், சிறை. முறையாக உரிமம் எடுத்தவர்கள், அதற்கென்று அனுமதி தந்த இடத்தில் மட்டும் இப்படிப்பட்டதைத் தொடலாம். நாற்காலியிலிருந்து எழுந்து போய் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு இரும்புக்கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகும் அது உள்ளே இருந்தது.

எனக்கு என்ன ஆகும் என்று முதலில் யோசித்தேன் என்று சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. வேலை போகும், பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது என்றெல்லாம் ஓடியது. அதற்குப் பிறகுதான் பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்பது உறைத்தது. எனக்கு அபராதமோ தண்டனையோ, இந்த ஊரைவிட்டு யாரும் என்னை அனுப்ப முடியாது. அவரை அனுப்பலாம். அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அவர் மெல்லிய குரலில், விண்ணப்பம் உள்ளே இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். அவரும் எல்லாவற்றையும் படித்திருந்தார். என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வெயில் ஏறினால் அந்த அறை சூடாகுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதெல்லாம் வீட்டில் என்ன வெப்பம் இருக்கும் என்பதே நினைப்பு. தீயணைப்பு வண்டிச் சத்தம் எங்கே கேட்டாலும் எந்தப் பக்கம் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வகுப்பில் ஒரு பிள்ளை நாற்காலியைக் கீழே தள்ளியதற்கு நான் போட்ட அலறலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

திருப்பி அனுப்ப முடியாது, தபாலில் போடுவது இன்னொரு குற்றம். குப்பைக் குழாயில் போட்டால் கீழே கொட்டி அள்ளுகிற ஆள் கையில் போய் வெடிக்கும். கடைசியில் சனிக்கிழமை, அவர் கூடுதல் வேலைக்குக் காலையிலேயே கிளம்பிய பிறகு, நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பெட்டியில் இருந்த அவர் பெயரைக் கிழித்துவிட்டு, தேக்கா மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் பெரிய பையில் அதைப் பெட்டியோடு போட்டு, மேலே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கீரைக்கட்டும் பரப்பி, பொங்கோல் கடலோரத்துக்குப் பஸ் ஏறினேன். ரயிலில் போகத் தைரியமில்லை. ரயில் நிலைய வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்கிறவர்கள் எந்த நாளில் எந்த நிலையத்தில் நிற்பார்கள் என்று தெரியாது. பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாத்தா உட்கார்ந்து கீரை எங்கே வாங்கினது என்று மலாயில் கேட்டார். தேக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் பைக்குள் குப்பிகள் உருளும் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டதா என்று முகங்களைப் பார்த்தேன். ஆறு நிறுத்தம். அந்த ஆறு நிறுத்தத்தில் அவர் பத்து வருஷமாக எப்படி இந்த ஊரில் நடமாடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

கடலோரத்தில் ஒரே கூட்டம். தூண்டில்காரர்கள், சைக்கிள்கள், பலூன் கட்டிப் பிறந்தநாள் கொண்டாடும் குடும்பம். விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் கேமரா. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றேன். பையைத் தூக்கி எறிய ஒரு விநாடி போதும். எறிந்தால் இவர்களில் யாருடைய தூண்டிலிலாவது மாட்டி மேலே வரும். கரைக்கு ஒதுங்கினால் யாராவது ஒரு பிள்ளை எடுத்துப் பார்க்கும். பெயரைக் கிழித்துவிட்டேன், பிள்ளையின் கையை என்ன செய்வது? அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவந்தேன். ஈரத்துணியை மறுபடி நனைத்துப் போர்த்தினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடலோரம் போனதைக் கேட்டு அவர் முகம் வெளிறிவிட்டது. போலிசுக்கு நாமே போன் செய்துவிடலாம் என்றேன்.

“யாரு வாங்கினதுன்னு கேப்பாங்க” என்றார்.

“நான்தான் வாங்கினேன்னு நானே சொல்றேன். நீங்க வாயத் திறக்காதீங்க.”

அவர் சரியென்று தலையை ஆட்டினார். நான் போன் செய்தேன். எதிர்முனையில் பேசியவர் அதைத் தொட வேண்டாம், நகர்த்த வேண்டாம், நீங்கள் இருவரும் வாசலுக்கு வந்து நில்லுங்கள் என்றார். முந்தின நாள் அதை மடியில் வைத்துப் பஸ்ஸில் போனவள் வாசலில் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு இது மாதிரிச் சாமானைக் கையாளத் தெரிந்தவர்கள் வந்தார்கள். யாரும் அதட்டவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். குடில் பெட்டியை வெளியே எடுத்து வைத்தார்கள். சூசையப்பரும் ஒட்டகமும் கூடத்துத் தரையில் கிடந்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் சின்னப் புத்தகத்தைத் திறந்து, பெட்டியில் கிழிந்துபோய் மிச்சமிருந்த எழுத்தைப் பார்த்து, இதை வாங்கியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் மூச்சை இழுத்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அதற்குள் அவர், “நான்தான். என் மனைவிக்கு ஒண்ணும் தெரியாது” என்று தமிழில் சொல்லி, உடனே ஆங்கிலத்திலும் சொன்னார்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் என்மேல் இருந்தது என்று இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மூன்று விநாடி இருக்கும். என் கணவரும் பார்த்தார். பள்ளி முதல்வர் முகம், பெற்றோர் முகம், சிறைக்கதவு எல்லாம் வந்து போயின. நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார்.

பிறகாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று கேட்கலாம். அவர் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு நான் உண்மையைச் சொன்னால், போலிசிடம் பொய் சொன்னார் என்று அவர்மேல் இரண்டாவது குற்றம் வரும். அது எனக்கு அரைமணி நேரம் கழித்துத்தான் தோன்றியது, ஆனால் அன்றிலிருந்து அதைத்தான் முதல் காரணமாக வைத்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். உனக்கு வேலை இருக்கிறது என்றார். ஒட்டகத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தார். அவராக விரும்பித்தான் செய்தார் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வாக்குமூலம் தர அவரை அழைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செபமாலையை உருட்டினேன். எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் உருட்டினேன். கதவு திறக்கும்போதெல்லாம், அவரை வேறு வழியாகக் கொண்டுபோய்விட்டார்களோ என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு மணிநேரம் கழித்து வெளியே வந்தார். நடந்துதான் வந்தார். ஏமாந்து வாங்கியதாலும், தாமாகவே தகவல் சொன்னதாலும் வழக்குப் போடவில்லை. சில வாரங்களில் கடுமையான எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதுவும் அவர் பெயருக்குத்தான் வந்தது.

நாடகம் நடந்தது. மேடை விளக்கு வாடகைக்கு விடுகிற கடையில் தண்ணீர்ப் புகை இயந்திரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். மண்டபத்துக்காரரிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான், முன்பே கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். கல்லறை திறந்தபோது மேடை முழுக்கப் புகை சூழ்ந்தது. கைதட்டினார்கள். பாடற்குழு அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வாசனையில் குமட்டியது.

மூன்றாவது விண்ணப்பத்தின் பதில் அந்த வருஷம் பள்ளி விடுமுறையில் வந்தது. இல்லை. எப்போதும் போலக் காரணம் எதுவும் இல்லை. முதல் இரண்டு முறையும் காரணம் இல்லைதான். அப்போது எச்சரிக்கைக் கடிதமும் இல்லை. இது அதனால் வந்ததா, வேறெதனாலா என்று கேட்க இடமில்லை, சொல்லவும் ஆளில்லை.

அவர் ஒரு முறை படித்துவிட்டு நான்காக மடித்தார். வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. அழுதேன்.

“அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்” என்றேன். “நான் மாட்டிக்க வேணாம்னுதான் நீங்க முந்திக்கிட்டீங்க. எனக்காகத்தான் சொன்னீங்க.”

அவர் டப்பாவைப் பையில் வைத்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

“நான் சொன்னேன்தான். ஆனா, ‘இல்ல, நான்தான்’னு நீ சொல்லுவன்னு நினைச்சேன்.”

வெளியே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் செருப்பு நகர்ந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, லிப்டுக்கு நடந்தார்.